ஆற்றங்கரையில் ஓர் ஓட்டைக் காலணா

பாலக்காட்டுக் கல்பாத்தி ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்த கோடைக்காலம். படித்துறைக்குக் கொஞ்சம் கீழே, பாறைக்கும் மணலுக்கும் நடுவிலிருந்து அக்கா மகள் எதையோ பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மாமா, இது வாஷரா?”

பச்சை பூத்த ஒரு வட்டத் தகடு. நடுவில் விரல்நுனி போகும் அளவு ஓட்டை. அவள் கேட்டதில் தப்பில்லை. தண்ணீரில் அலசி, வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது ஓட்டையைச் சுற்றி ஓர் இலைமாலை தெரிந்தது. திருப்பினால் மேலே ஒரு கிரீடம், பக்கத்தில் ஆண்டின் முதல் மூன்று எண்கள்: 194. கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது.

ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அச்சிட்ட காசு. உலகப் போர் நடந்த சமயம். செம்புக்குக் கடும் தட்டுப்பாடு. காசின் நடுவைக் குடைந்தெடுத்து உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். எடை 2 கிராம்தான். தமிழில் இதற்கு ஓட்டைக் காலணா என்று பெயர். எங்கள் தெருவிலேயே மலையாளம் பேசும் வீடுகளில் ஓட்டமுக்கால் என்பார்கள். 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆக, ஒரே காசு ஒரே சந்தையில் காலாகவும் முக்காலாகவும் புழங்கியிருக்கிறது. குழந்தைகளின் அரைஞாணில் கோத்துவிட்டவர்களும் உண்டு, நிஜமாகவே வாஷராகப் போட்டு போல்ட்டை முறுக்கியவர்களும் உண்டு.

விற்கப்போனால் இந்தக் காசுக்குப் பெரிய விலை வராது. ஆனால் ஆற்றங்கரையில் குனிந்து பார்த்து, கிடைத்ததை அடையாளம் கண்டு, அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்வது என்ற பழக்கத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. லண்டனில் இந்தப் பழக்கத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது: மட்லார்க்கிங். மட் என்றால் சேறு, லார்க் என்றால் வானம்பாடி. நான் இதைக் கரைத்தேடல் என்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் லண்டன் கதை. தேம்ஸ் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது; கடலும் அதற்குள் வந்து போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல்நீர் ஏறி இறங்கும்; இதைத்தான் ஓதம் என்பார்கள். பெரிய ஓத நாட்களில் லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 7 மீட்டர் வித்தியாசம். இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கும் சில மணி நேரம் கரையோரச் சேறு வெளியே தெரியும், பிறகு மறுபடி மூழ்கிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேறு கரைகிறது, அடியில் கிடந்தது மேலே வருகிறது. நேற்று தேடிய அதே இடத்தில் இன்று வேறு பொருள் கிடைப்பது இதனால்தான்.

அந்தச் சேறு கெட்டியானது. உள்ளே காற்றுப் புகாது. காற்று இல்லாவிட்டால் மட்கவைக்கும் கிருமிகளுக்கு அங்கே வேலை இல்லை. தோல் செருப்பு, மரச் சீப்பு, துணி குத்தும் ஊசி எல்லாம் பல நூறு ஆண்டுகள் கழித்தும் நேற்று விழுந்ததுபோல வெளியே வருகின்றன. மண்ணுக்குள் புதைந்திருந்தால் என்றோ மட்கிப்போயிருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பெரிய ஊர் குப்பையைக் கொட்டியும், படகிலிருந்து தவறவிட்டும், வேண்டுதலுக்கு வீசியும் ஆற்றில் சேர்த்ததை அந்தச் சேறு பத்திரமாக வைத்திருக்கிறது. 1857இல் தேம்ஸிலிருந்து கிடைத்த பாட்டர்சீ கேடயம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெண்கலத் தகட்டில் சிவப்புக் கண்ணாடி பதித்த வேலைப்பாடு. சண்டையில் தூக்கிப்பிடிக்கச் செய்த கேடயம் மாதிரி அது இல்லை; ஆற்றுக்குக் காணிக்கையாகப் போட்டது என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

இது முதலில் பொழுதுபோக்காகவே இல்லை, வயிற்றுப்பாடு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளைத் தேடிப்போய்ப் பேசி எழுதினார். அவர் பார்த்த மட்லார்க்குகள் சிறுவர்களும் வயதான பெண்களும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, படகுகளிலிருந்து சிந்திய கரி, கயிற்றுத் துண்டு, எலும்பு, இரும்பு என்று கிடைத்ததைப் பொறுக்கி விற்றார்கள். செம்பு ஆணி கிடைத்தால் அன்று யோகம். ஒரு பவுண்டு எடைக்கு 4 பென்னி. கண்ணாடித் துண்டு காலில் குத்தினால், துடைத்துவிட்டு மறுபடியும் இறங்க வேண்டியதுதான்.

நமக்கு இது புதிய காட்சி அல்ல. கோயம்புத்தூர் நகைப்பட்டறைச் சந்துகளில் சாக்கடை மண்ணை வாரி, தட்டில் போட்டுச் சுழற்றி, தங்கத் துகளைப் பிரித்தெடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மண் அரிக்கிறவர்கள் என்போம். நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்று மணலையும் இப்படித்தான் மரத்தட்டில் அரித்துப் பொன் எடுத்தார்கள். ஆக, ஆற்றைக் கிளறுவது நமக்குப் பழைய தொழில்தான். கிடைத்ததை விற்காமல், உருக்காமல், ‘இது என்ன, யாருடையது’ என்று கேட்பதுதான் இதில் புதிது.

அந்தக் கேள்விக்கு ஒரு துண்டு எப்படிப் பதில் சொல்லும்? தேம்ஸ் கரையில் மிக அதிகமாகக் கிடைக்கும் பொருளையே எடுத்துக்கொள்வோம்: வெள்ளைக் களிமண்ணில் செய்த புகைக்குழாய். புகையிலை இங்கிலாந்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். வந்த புதிதில் விலை அதிகம். அதனால் குழாயின் கிண்ணம் சுண்டுவிரல் நுனிதான் போகும் அளவுக்குச் சிறியது. புகையிலை மலிவானதும் கிண்ணம் பெருத்தது. கிண்ணத்தின் அளவைப் பார்த்தே இது முன்னது, இது பின்னது என்று சொல்லிவிடலாம். கிண்ணம் உடைந்து வெறும் தண்டு மட்டும் கிடைத்தால்? அதற்கும் வழி உண்டு. காலம் போகப்போகத் தண்டின் உள்துளை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான தண்டுகளின் துளைக்குள் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, எந்த அளவு எந்தக் காலத்தில் அதிகம் என்று 1954இல் பட்டியல் போட்டார். ஆசாரி பட்டறையில் கிடக்கும் டிரில் பிட்! எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிக் கருவி அதுதான்.

இதில் ஒன்று கவனியுங்கள். ஒரே ஒரு தண்டை வைத்து அவரால் எதையும் சொல்லியிருக்க முடியாது. எங்கே, எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்போடு நூற்றுக்கணக்கில் இருந்ததால்தான் முடிந்தது. குறிப்பு இல்லாத பழம்பொருள் முகவரி கிழிந்த கடிதம் மாதிரி. உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், யாருக்கு வந்தது என்று தெரியாது.

சரி, நம் ஆறுகளுக்கு வருவோம். தேம்ஸைப் பார்த்துவிட்டு அதே கண்ணோடு இங்கே இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கல்பாத்தி ஆறு இங்கே ஓதம் ஏறும் ஆறில்லை. மலம்புழை, வாளையாறு என்று மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சேர்ந்து வருகிறது. பறளியில் கண்ணாடிப்புழையோடு கூடிப் பாரதப்புழையாகிறது. சேற்றைவிட மணலும் பாறையும்தான் அதிகம். மணலுக்குள் காற்றும் தண்ணீரும் புகுந்து புறப்படும். தோலும் மரமும் அதில் தங்காது. கல், சுட்ட மண், கண்ணாடி, செம்பு இவைதான் தாங்கும்.

இன்னொரு பெரிய வித்தியாசம் வெள்ளம். 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையின் ஷட்டர்களைத் திறந்தபோது இந்தச் சின்ன ஆறு பாலக்காட்டுத் தெருக்களுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட வெள்ளம் மணலை மட்டுமா நகர்த்தும்? இங்கே ஒரு பொருள் விழுந்த இடமும் கிடைத்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் வேகம் குறையும் இடத்தில்தான் கனமான பொருள் தங்கும்: வளைவின் உள்பக்கம், பெரிய பாறையின் பின்னால், பாறை வெடிப்புகளுக்குள். பொன் அரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த மாதிரி இடங்களைத்தான். எங்கள் ஓட்டைக் காலணா கிடைத்ததும் ஒரு பாறைக்குப் பின்னால்.

அப்படியானால் எது உருண்டு வந்தது, எது இங்கேயே விழுந்தது என்று எப்படித் தெரியும்? பானை ஓட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூழாங்கல் மாதிரி மழுங்கியிருந்தால் வெகுதூரம் உருண்டு வந்தது. உடைந்த முனை கூர்மையாகவே இருந்தால் பக்கத்துக் கரை அரித்து இப்போதுதான் விழுந்திருக்கிறது. அப்போது தலையை நிமிர்த்திக் கரையைப் பாருங்கள். மண்சுவரில் சாம்பல் நிறக் கோடோ ஓடுகளின் வரிசையோ தெரியலாம். தெரிந்தால் அதைத் தோண்டக் கூடாது. ஒரு போட்டோ எடுத்துவிட்டு விலகி வந்துவிட வேண்டும். அது நம் வேலை இல்லை, தொல்லியல் துறையின் வேலை.

இந்தப் பக்கத்தில் பழைய பொருள் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டால், புவியியலே பதில் சொல்லும். மேற்குத்தொடர்ச்சி மலை நீளச் சுவர் மாதிரி நிற்கிறது. அதில் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கு கொங்குநாட்டுக்குப் போகவும், கொங்கின் மணிக்கற்கள் கடற்கரைக்கு வரவும் இந்த வாசல்தான் வழி. கோவைக்கருகே நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில் 1842இல் ஒரு பானைக்குள் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கணவாயின் மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் சேர்ந்தே கிடைத்தன. இவை புதையல்கள். கரூரில் நடந்தது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். அங்கே அமராவதி ஆற்று மணலிலிருந்தே சங்ககாலச் சேரர் காசுகள் வந்தன. மாக்கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த, அரசன் முகம் போட்ட வெள்ளிக் காசும் அவற்றில் உண்டு. சேரர்கள் பெயரைப் பாட்டில் மட்டுமே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயர் காசில் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம்!

அதற்காக நாளைக்கே மாக்கோதையைத் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். தொடக்கநிலைக்காரருக்கு நிஜமாகக் கிடைப்பவை வேறு. என் டப்பாவில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓட்டுத் துண்டு. மங்களூர் ஓடு உடைந்து ஆற்றில் கிடப்பது இங்கே சர்வ சாதாரணம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் திருப்பிப் பார்ப்பேன். ஏனென்றால் அடிப்பக்கம் ஆலையின் பெயரும் ஊரும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865இல். முதல் உலகப் போரில் அந்த மிஷனின் ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ள, போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே ‘பாசல்’ என்ற நாலைந்து எழுத்து தெரியும் ஒரு துண்டு கிடைத்தால், அந்த ஓடு 1865க்குப் பின், போருக்கு முன் அல்லது போரை ஒட்டிச் சுட்டது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். காசு செலவில்லை, சட்டச் சிக்கல் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சிபாரிசு செய்வது ஓட்டுத் துண்டைத்தான்.

இரண்டாவது, பானை ஓடு. பெரும்பாலும் போன தலைமுறைச் சட்டிதான். ஆனால் உள்பக்கம் கறுப்பாகவும் வெளிப்பக்கம் சிவப்பாகவும், இரண்டுமே வழவழப்பாகவும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டால் உள்ளே காற்று போகாமல் கரிபடிந்து கறுக்கும், வெளியே தீயும் காற்றும் பட்டுச் சிவக்கும். இரும்புக்காலப் பெருங்கற்புதைவுகளிலும் சங்ககால ஊர்களிலும் கிடைக்கும் கறுப்பு சிவப்பு மண்கலம் இப்படிச் சுட்டதுதான். அடுப்புக் கரியால் கறுத்த சட்டி இதற்கு நேரெதிர். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. என் வீட்டில் ஒரு பழைய குழம்புச் சட்டியின் துண்டை இரண்டாயிரம் வருடத்துக் கலம் என்று நான் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பார்த்து, “இது நம்ம மீன் சட்டி மாதிரியே இருக்குதே” என்று சொல்லும்வரை.

அப்புறம் காசுகள். கையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகு, காந்தத்தில் ஒட்டும். கோயில் படித்துறைகளில் பையன்கள் கயிற்றில் காந்தம் கட்டிக் காசு பிடிப்பது இதை வைத்துத்தான். பழைய செம்பு, வெண்கலம், வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டினால் புதுக்காசு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. 1947ஆம் ஆண்டின் புலி போட்ட ஒரு ரூபாய் நிக்கல் காசு, அதுவும் ஒட்டும். இங்கே எதிர்பார்க்கக்கூடிய இன்னொன்று யானை போட்ட கனத்த செப்புக் காசு. ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டியதும், அவர் மகன் திப்பு செப்புக் காசில் யானை அச்சிட்டதும் தெரிந்தால், அந்தக் காசு ஏன் இந்தப் பக்கம் திரிகிறது என்பது புரியும்.

யானைக் காசைச் சொன்னதும் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது எனக்கு ஒன்று கிடைத்தது. கரும்பச்சையாக இருந்தது. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுக் கால்மணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. யானையின் தும்பிக்கையும் காணோம், பின்பக்கம் பாரசீக எழுத்தில் இருந்த அச்சுக்கூடப் பெயரும் காணோம். பச்சையாகப் படிந்திருப்பது அழுக்கு இல்லை. செம்பின் மேல்தோலே அப்படி மாறியிருக்கிறது. எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். புளி அதை உரித்துவிடும். அந்த மொட்டைக் காசை இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது புளி எடுக்கப் போனால் காட்டுவதற்கு. நல்ல தண்ணீரில் அலசுங்கள், நிழலில் காயவையுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

இப்போது சட்டம். போரடிக்கும்தான், ஆனால் தாண்டிப் போகக் கூடாது. லண்டனில் தேம்ஸின் ஓதக்கரையில் தேட வேண்டுமென்றால், வெறுமனே கண்ணால் தேடுவதானாலும், லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கேட்பவர்கள் பெருகிவிட்டதால் 2022 நவம்பரில் புதிய விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்தினார்கள். பிறகு காத்திருப்போர் பட்டியல் வந்தது. கிடைத்தது 300 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்றால் அங்குள்ள அருங்காட்சியக அலுவலரிடம் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்தபின், அது புதையல் வகையில் வராவிட்டால், பெரும்பாலும் எடுத்தவர் கைக்கே திரும்பி வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதியும் திட்டம் 1997இல் தொடங்கியது. அதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் ஏறியிருக்கின்றன.

நம் ஊரில் அப்படி ஒரு சீட்டு முறை கிடையாது. அதனால் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று எழுத வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய் என்பது 1878இல் பெரிய தொகை, இன்றைக்கு ஒரு டீ விலை. சட்டம் அந்த எண்ணிலேயே நிற்கிறது. கேரளத்துக்கு 1968இல் தனிப் புதையல் சட்டம் வந்தது. தகவல் கொடுக்க வேண்டும் என்ற அடிப்படை அதிலும் உண்டு. நூறு ஆண்டு கடந்த பழம்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதையும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆற்று மணலுக்கும் கரைக்கும் கேரளத்தில் 2001ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. மண்வெட்டியோடு இறங்கினால், நீங்கள் தேடுவது காசு என்று சொன்னாலும் மணல் என்றுதான் நினைப்பார்கள்.

என் வழக்கம் இதுதான்: தோண்டுவதில்லை, மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொள்வதில்லை, கோயில், கோட்டை, அறிவிப்புப் பலகை உள்ள இடங்களில் தேடுவதே இல்லை. மேலாகக் கிடப்பதைப் பார்ப்பேன். உண்மையாகவே பழையது என்று தோன்றினால், பொன், வெள்ளி, சிலை, எழுத்துள்ள கல், ஒரே இடத்தில் பல காசுகள் என்று எதுவானாலும், கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு வில்லேஜ் ஆபீஸில் சொல்லிவிடுவது. கூடவே உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாக்கடை கலக்கும் ஆற்றில் எலிக்காய்ச்சல் பயம் நிஜம். காலில் புண்ணோடு இறங்க வேண்டாம், ரப்பர் பூட்ஸ் போடுங்கள். மேலே மலையில் மழை என்றால் இங்கே வெயிலடித்தாலும் ஏறி வந்துவிடுங்கள்.

எடுத்ததைப் பகிர்வது எப்படி? இதிலும் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எடுக்கும் முன் கிடந்தபடியே ஒரு படம். பிறகு ஸ்கேலோ ஒரு ரூபாய்க் காசோ பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம். சாய்ந்த வெயிலில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல்கட்டித் தெரியும். தேதி, படித்துறையிலிருந்து எத்தனை அடி, மணலா பாறையா, பக்கத்தில் வேறென்ன இருந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பொருளோடு போட்டுவைக்க வேண்டும். நாலு பேருக்குச் சொல்லும்போது கதையைச் சொல்லுங்கள், ஆற்றின் பெயரைச் சொல்லுங்கள், ஆனால் சரியான இடத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்காதீர்கள். மறுநாளே மண்வெட்டி வந்துவிடும். இடம் தெரிய வேண்டியது அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும்தான். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆற்றிலிருந்து எடுத்ததை ஓர் ஊரே பகிர்ந்துகொண்டதற்கு ஆம்ஸ்டர்டாம் நல்ல உதாரணம். மெட்ரோ ரயிலுக்காக 2003 முதல் 2012 வரை ஆம்ஸ்டல் ஆற்றின் பழைய படுகையைத் தோண்டியபோது சுமார் 7 லட்சம் பொருட்கள் வந்தன. சாவி, பொத்தான், பல்செட், கைப்பேசி வரை எல்லாம். இது உசத்தி, இது மட்டம் என்று தள்ளாமல் காலவரிசைப்படி படம் பிடித்தார்கள். ரோகின் நிலையத்தில் எஸ்கலேட்டருக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் தாத்தாவின் குப்பையைப் பார்த்தபடி மேலே போகிறார்கள்.

பகிரத் தொடங்கினால் ஏமாற்றுக்காரர்களும் மோப்பம் பிடித்து வருவார்கள். லண்டனிலும் இதுதான் நடந்தது. 1850களில் வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன் என்ற இரண்டு மட்லார்க்குகள், ஈயத்தில் தாங்களே வார்த்த பொம்மைகளையும் பதக்கங்களையும் ஆற்றிலிருந்து கிடைத்த பழம்பொருள் என்று விற்றார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவற்றிலிருந்த எழுத்துகள் எந்த மொழியிலும் சேரவில்லை. அப்படியும் வாங்கினார்கள்! 1858இல் விவகாரம் கோர்ட்டுக்கே போனது. நம் பக்கத்தில் இதன் சித்தப்பா பிள்ளைதான் ரைஸ் புல்லிங்: அரிசியை இழுக்கும் செம்புக் காசு, உள்ளே இரிடியம், விலை கோடிகளில் என்று கதைவிடுவார்கள். இன்னொன்று, ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ காசு. கம்பெனி அப்படி ஒரு காசை அச்சிடவே இல்லை. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறேன், முன்பணம் கட்டு என்று யாராவது போனில் சொன்னால், லைனைக் கட் பண்ணிவிடுங்கள்.

இப்போது தேம்ஸ் கரையில் தேடுபவர்களுக்குச் சின்னப் பிள்ளையார், லட்சுமி, தகட்டில் கீறிய எந்திரம், அகல்விளக்கு எல்லாம் கிடைக்கின்றன. அங்கே குடியேறிய நம்மவர்கள் கங்கையும் காவிரியும் பக்கத்தில் இல்லாமல் அந்த ஆற்றிலேயே விட்டவை. கல்பாத்தியைக் ‘காசியில் பாதி’ என்பார்கள். லண்டனில் எத்தனை பங்கு என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

அன்று சாயந்திரம் ஓட்டைக் காலணாவைத் துண்டுச் சீட்டோடு ஒரு தீப்பெட்டியில் போட்டு, அக்கிரகாரத்துப் பாட்டி ஒருவரிடம் காட்டப் போனோம். தொண்ணூறை நெருங்கும் வயது. காசை வாங்கி ஓட்டை வழியாக வாசலைப் பார்த்தார்.

“இது எங்கேந்து கிட்டித்து?”

பாறையைச் சொன்னோம். அந்தப் பாறையில்தான் அவர்கள் துணி துவைப்பார்களாம். முந்தானையில் முடிந்துவைத்த சில்லறை அவிழ்ந்து விழுவது வழக்கம்தானாம். பக்கத்துப் பெட்டிக்கடையில் இந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று அக்கா மகள் கேட்டாள். கொஞ்சம் வெற்றிலை, ஒரு பாக்கு என்று பாட்டி கணக்குச் சொன்னார். அதையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது பாட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கல்யாணம் கழிஞ்ச வருஷம் அங்கேதான் என்னோட மூக்குத்தி போச்சு. வெள்ளைக் கல்லு, எட்டுக்கல் பேசரி. கிட்டினா சொல்லு, என்ன?”